கடைமடை

அண்ணன் பக்கிரிசாமிக்கு மூலம் என்று
கொரடாச்சேரிச் சுவர்தான் முதலில் சொன்னது.
பஸ் நிற்கும் இடத்தில், வெற்றிலைக் கறைக்கு மேலே,
நீலச் சாயத்தில்:
மூலம், பவுத்திரம், கத்தியின்றி.
அண்ணி துத்தி இலையை வதக்கிக் கட்டினாள்.
ஒரு மண்டலம் கருணைக்கிழங்கு மசியல்.
பொடி ஒரு பொட்டலம்
என் அரைநாள் நடவுக்கூலி.

அதற்கு முன் எத்தனை காலம் போயிருக்குமோ.
விடியுமுன் வெட்டாற்றங்கரைக்குப் போகிறவன்
இருட்டில் எதைப் பார்ப்பான்?
திட்டத்தில் கழிப்பறை கட்டி
வெள்ளைப் பீங்கான் பதித்த மூன்றாம் நாள்தான்
சிவப்பு தெரிந்தது.
"புதுக் கக்கூஸ் ராசியில்லை" என்றான்.
தண்ணீர் ஊற்றிவிட்டு வேலைக்குப் போனான்.

ரைஸ்மில் கோதண்டபாணிக்கும் முளைத்திருந்ததாம்,
நெல்மணி அளவு.
ரத்தமெல்லாம் வருவதற்கு முன்பே,
ஐம்பது வயதானால் பார்த்துவிட வேண்டும் என்று
மகன் திருச்சிக்குக் கூட்டிப்போனான்.
கிள்ளி எறிந்துவிட்டார்கள்.
மறுநாள் காலை மில் சங்கு ஊதியது.
எங்களிடம் அவர் சொல்லவில்லை.
சொல்கிற வியாதியா அது?

தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன அன்று
நீடாமங்கலத்தில் கேட்டு மூடியிருந்தது.
முக்கால் மணி நேரம்.
அண்ணன் சீட்டில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து உட்கார்ந்து
சரக்கு ரயில் பெட்டிகளை எண்ணினான்.
உள்ளே நெல். எங்கள் பக்கத்து நெல்தான்.

"எத்தன நாளா?" என்றாள் டாக்டர்.
சின்னப் பெண், கண்ணாடி மூக்கில் வழுகியது.
"போன சம்பா அறுப்புலேர்ந்து."
"அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்து
பேனாவைத் தேடினாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
"நீங்க கூடப்பிறந்தவங்களா?"

கூடப்பிறந்ததற்கு எனக்கு
ஒரு குழி நிலம் பங்கு வந்ததில்லை.
இதில் உண்டு என்றாள்.

எனக்குத் தேதி கிடைத்தது ஆனியில்.
மேட்டூர் திறந்து பதினெட்டு நாள்,
எங்கள் வாய்க்கால் இன்னும் வெடிப்பாய்க் கிடந்தது.
முதல்நாள் கஞ்சித் தெளிவு மட்டும்.
சாயங்காலத்திலிருந்து அந்த உப்பு மருந்து,
சொம்பு சொம்பாய்.

தூர்வாருவது எனக்குத் தெரியாததா?
நூறுநாள் வேலையில் பாதி அதுதானே,
காட்டாமணக்கு, வெங்காயத்தாமரை,
யாரோ வீசிய செருப்பு,
பொக்லைன் நுழையாத சந்தில் நாங்களும் மண்வெட்டியும்.
அன்றிரவு எழுந்து எழுந்து போனேன்.
கோழி கூவும்போது
தெளிந்த தண்ணீராய்ப் போயிற்று.

மறுநாள் திரையில் பார்த்தேன்.
இளஞ்சிவப்பாய், மடிப்பு மடிப்பாய், ஈரமாய்.
கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில்
என் உடம்பில் இவ்வளவு சுத்தமான இடம் உண்டென்று
எனக்கு யாரும் காட்டியதில்லை.
"ரெண்டு இருக்கு" என்றாள் டாக்டர்.
கோரை முளைவிடுகிற மாதிரிதான் இருந்தது.
நாற்றங்காலில் கண்டால் இரண்டு விரல் போதும்.
வலிக்கவில்லை.
வெட்கம் கொஞ்சம் வலித்தது,
பத்து நிமிஷம் இருக்கும்.

அண்ணனுக்கு வயிற்றின் இடப்பக்கம் பை வைத்தார்கள்.
சட்டையைப் பெரிதாய்த் தைத்துக்கொண்டான்.
கார்த்திகை மழைவரை டீக்கடைக்குப் போய்வந்தான்.
அதற்குப் பிறகு போகவில்லை.

அடுத்த நடவில், குனிந்த வாக்கிலேயே
வரிசைக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டேன்.
"அடியே, வெளிக்கிப் போனா திரும்பிப் பாருங்க.
ரத்தம் இருந்தா செவுத்த நம்பாதீங்க.
வீட்டுல யாருக்காவது இருந்திருந்தா
ரத்தத்துக்கும் காத்திருக்காதீங்க."
சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்தினார்கள்.
"செங்கமலத்துக்கு வேற பேச்சே கெடைக்கலியா" என்றாள் ஒருத்தி.
நாற்றுமுடியை என்மேல் எறிந்தாள் இன்னொருத்தி.

சாயங்காலம் எல்லோரும் கரையேறிவிட்டார்கள்.
லூர்துமேரி மட்டும் மடையில் நின்று
காலைக் கழுவிக்கொண்டிருந்தாள்.
சேறு போய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது.